"கியர்பாக்ஸ் போச்சுங்க"ன்னு சொன்னா, எப்படின்னு கேளுங்க

ஆட்டோமேட்டிக் கார் இப்ப நம்மூரு இட்டேரி வரைக்கும் வந்திருச்சு. 2014ல மாருதி செலிரியோ வந்த பிறகுதான் கிளட்ச் மிதிக்காத வண்டி சின்னக் கார் விலையில கிடைச்சுது. முழங்கால் வலியோட இருக்கிற எங்க வயசுக்காரங்களுக்கு அது நல்ல காரியம். லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைங்க வண்டியும் இப்ப பெரும்பாலும் அதுதான்.

ஆனா ஒரு நாள் கியர் விழாம நின்னா, பல இடத்துல ஒரே பதில்தான் வருது: "கியர்பாக்ஸ் போச்சுங்க, மாத்தோணும்." சில வண்டிக்கு அந்த ஒரு வார்த்தையோட விலை லட்ச ரூபாய்க்கு மேல. இதுல என் கட்சி ஒண்ணுதான்: சோதிச்சுப் பார்க்காம சொல்ற தீர்ப்புக்குப் பணம் கட்டக் கூடாது.

விவசாயிக்கு இது புதுசு இல்லைங்க. 800 அடி போர்ல தண்ணி வரலைன்னா நாங்க நேரா மோட்டாரை மேல தூக்கறது இல்லை. மூணு ஃபேஸும் வருதா, வோல்டேஜ் எவ்வளவு, ஃபியூஸ் இருக்கா, ஸ்டார்டர் பிடிக்குதா, எத்தனை ஆம்ப்ஸ் இழுக்குது, இத்தனையும் மேலயே பார்த்துட்டுத்தான் குழாயைக் கழட்டுவோம். தூக்குற கூலி அப்படி. கியர்பாக்ஸுக்கும் அதே வரிசைதான். வெளிய இருக்கறது முதல்ல, உள்ள இருக்கறது கடைசியில.

அதுக்கு முன்னாடி உங்க வண்டியில இருக்கறது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. ஆட்டோமேட்டிக்னு ஒரே பேர்ல நாலு வேற வேற சாமான் இருக்கு.

விலை குறைஞ்ச கார்கள்ல வர்றது ஏஎம்டி. உள்ள இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்க காலும் கையும் செய்யற வேலையை ஒரு கருவி செய்யுது, அவ்வளவுதான். கியர் மாறும்போது லேசா ஒரு குலுங்கல் வர்றது அதோட குணம், கோளாறு இல்லை. கியரே விழாம நியூட்ரல்ல நின்னா முதல்ல பேட்டரியைப் பாருங்க. வண்டி ஆஃப்ல இருக்கும்போது 12.5 வோல்ட் பக்கம் காட்டணும், ஓடும்போது 14 பக்கம். அடுத்தது, பிரேக் மிதிச்சா பின்னாடி லைட் எரியுதா? எரியலைன்னா பிரேக் ஸ்விட்ச் போயிருக்கலாம். பிரேக் மிதிச்சது வண்டிக்குத் தெரியலைன்னா அது கியர் போடாது. என் மச்சான் வண்டிக்கு ஒரு இடத்துல கியர்பாக்ஸ் மாத்தச் சொன்னாங்க. எங்கூரு எலக்ட்ரீசியன் பேட்டரி எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கிவிட்டாரு, கியர் விழுந்திருச்சு.

ஏஎம்டியில நிஜமாவே தேயறது கிளட்ச். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சே வண்டியை நிறுத்தி வெச்சா, கருகின வாசம் வரும். அது கியர்பாக்ஸோட தப்பு இல்லைங்க.

அடுத்தது டார்க் கன்வர்ட்டர். இதுக்கு உயிரே ஆயில்தான். 'டி'யில போட்டு ரெண்டு மூணு விநாடி கழிச்சு வண்டி நகர்ந்தாலோ, ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னாலோ, ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்க. நல்ல ஆயில் பெரும்பாலும் சிவப்பா, தெளிவா இருக்கும். கறுத்து, கருகின வாசம் அடிச்சு, இரும்புத் துகளும் இருந்தா உள்ள சேதம்னு நம்பலாம். சிவிடியில தப்பான ஆயில் ஊத்தினாலே வண்டி நடுங்கும்.

டிசிடிங்கறது ரெண்டு கிளட்ச் உள்ளது. 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வேகன் தன்னோட 7 கியர் டிசிடி வண்டிகள் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைச்சுது. வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்ல சிந்தெட்டிக் ஆயிலால மின்கோளாறு வரலாம்னு சொல்லி, மினரல் ஆயில் மாத்திக் கொடுத்தாங்க. கியர்பாக்ஸை இல்லை, ஆயிலை.

ஊர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. நின்ன ஆட்டோமேட்டிக்கை டிராக்டர்ல கயிறு கட்டி இழுக்காதீங்க. இன்ஜின் ஓடாதப்ப ஆயில் பம்ப் சுத்தாது, உள்ள காய்ஞ்சு தேயும். நல்ல கியர்பாக்ஸும் அப்படிப் போயிரும். லாரியில ஏத்திக் கொண்டு போறதுதான் சரி.

இதெல்லாம் நம்ம பட்டறைக்காரருக்கு வராத வித்தையா? 1937லயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் எலக்ட்ரிக் மோட்டார் செஞ்ச ஊருங்க இது. குறை வேற இடத்துல இருக்கு. சாதாரண ஸ்கேனரைச் சொருகினா பல தடவை 'பி 0700'னு மட்டும் வரும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ பதிவாகியிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். என்ன பதிவுன்னு படிக்க அந்தந்தக் கம்பெனிக்கு ஏத்த கருவி வேணும். உதிரி பாகத்தையும் இந்த மாதிரி கருவிகளையும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்காம வெச்சதுக்காக, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. கம்பெனிகள் எதிர்த்து வழக்காடினாங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது. அதுல காரும் சேர்த்தி, எங்க டிராக்டர் மாதிரி விவசாயக் கருவியும் சேர்த்தி. ஆனா எங்கூரு பட்டறையில அந்தக் கருவி இன்னும் வரலை. டவுன்ல இருக்கிற நீங்க கேட்டாத்தான் இது நகரும்.

அதுவரைக்கும் யாராவது கியர்பாக்ஸ் போச்சுன்னா மூணு கேள்வி கேளுங்க. எந்த கோட் வந்துச்சு? பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு? ஆயில் அளவும் நிறமும் எப்படி? பதிலை எழுதி வாங்குங்க. மூணுக்கும் பதில் சொல்றவர் மாத்தணும்னு சொன்னா, தாராளமா மாத்துங்க. சொல்லாதவர்கிட்ட சாவியைத் திருப்பி வாங்கிக்கோங்க.