பஸ்ஸில் தொடங்கிய கார் வணிகம்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையைப் போன்ற பெரிய கார் தொழிற்சாலை எதுவும் இல்லை. ஆனாலும் உதிரிபாகம், ஷோரூம், வண்டிக் கடன் என்று மோட்டார் தொழிலின் மற்றக் கிளைகள் எல்லாம் இங்கே வேர்விட்டிருக்கின்றன. அந்த வேர், பஸ் தொழிலில் இருக்கிறது.

1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்; அதுவே யு.எம்.எஸ். என்ற பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1931-இல் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், அதாவது ஏ.பி.டி., பொள்ளாச்சியில் உருவானது. 1937-இல் எல்.ஜி.பி. என்ற நிறுவனமும் பஸ் தொழிலுக்கு வந்தது. பல பஸ் வைத்திருப்பவருக்குப் பட்டறை இல்லாமல் முடியாது. உடைந்த பாகம் கப்பலில் வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க முடியாததால், லேத்தும் கடைசலும் முதலாளியின் கொட்டகைக்குள்ளேயே வந்தன. வண்டி வாங்கக் கடனும் வேண்டியிருந்தது. 1955-இல் பொள்ளாச்சியில் தொடங்கிய சிறிய கடன் நிறுவனம்தான் இன்றைய சக்தி பைனான்ஸ்.

1972-இல் பெரிய முதலாளிகளின் பஸ்கள் அரசுடைமையாகிச் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. வழித்தடம் போனாலும், வண்டியை அறிந்த ஆளும், வாடிக்கையாளர் பழக்கமும், முதலீடும் முதலாளிகளிடமே தங்கின. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு ஏ.பி.டி. அந்தக் காரின் பெரிய விற்பனையாளர்களுள் ஒன்றானது. எல்.ஜி.பி.யை இன்று பலர் ரோலான் என்ற பைக் சங்கிலியால்தான் அறிவார்கள். அரசுடைமை என்பது இந்த வட்டாரத்துக்கு வெறும் இழப்பாக முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

உதிரிபாகத்தில் பிரிக்கால் 1975-இல் டேஷ்போர்டு மீட்டர்களோடு வந்தது. ஹார்னுக்கு ரூட்ஸ், எஞ்சின் பாகங்களுக்குக் கிராஃப்ட்ஸ்மேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பெருந்துறை அருகே முகாசி பல்லகவுண்டன்பாளையத்தில் உள்ள சக்தி ஆட்டோ வார்ப்பாலை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீயரிங் நக்கிளை மாருதிக்கு வார்த்துத் தருகிறது.

உதிரிபாக ஆலைகள் இந்தத் தொழில் சங்கிலியின் தயாரிக்கும் முனை என்றால், கோபிசெட்டிபாளையம் அதன் வாங்கும் முனை. தனி ஆர்.டி.ஓ. அலுவலகமும் டிஎன் 36 என்ற பதிவு எண்ணும் உள்ள ஊர் இது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன, பட்டுக்கூடும் உண்டு. வருமானம் மாதச் சம்பளம்போல் வராது. அறுவடை முடிந்தோ, மஞ்சள் விலை ஏறும்போதோ மொத்தமாக வரும். அதனால்தான் டிராக்டர் கடனுக்கு அரையாண்டுத் தவணை பொருந்துகிறது. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கத் தயங்குபவர்கள், ஆயுத பூஜைக்கும் தைக்கும் முன்பணம் கட்டுகிறார்கள். வண்டி விற்பதில் டீலருக்கு மிஞ்சுவது சொற்பமே. சர்வீஸ், இன்சூரன்ஸ், கடன் கமிஷன், பழைய வண்டி மாற்று ஆகியவையே ஷோரூமின் வாடகையையும் சம்பளத்தையும் சுமக்கின்றன.

ஷோரூமில் டீலர் போடும் முதலீடு பாதுகாப்பானதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021-இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. நிலம், கட்டடம், கருவி எல்லாம் டீலருடையவை. முடிவு மட்டும் கம்பெனியுடையது. அமெரிக்க மாநிலங்களில் டீலரைக் காக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. இந்தியாவில் பொதுவான ஒப்பந்தச் சட்டமே கதி. தனிச் சட்டம் வேண்டும் என்ற டீலர் கூட்டமைப்பின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

மின்சார வண்டி தயாரிக்கும் முனை, வாங்கும் முனை இரண்டையும் தொடும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஸ்டீயரிங் நக்கிளும் ஹார்னும் அதற்கும் வேண்டும். எஞ்சின் பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும் வேண்டாம். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் வேலை இல்லாமல் போவதால், அடி முதலில் விழுவது பெரிய வார்ப்பாலையின் மேல் அல்ல, சிற்றூர் ஷோரூமின் சர்வீஸ் வருமானத்தின் மேல்.