மனோசிகிச்சையும் டாக்டர் பட்டமும்

மனோவியாதிக்குச் சிகிச்சை செய்ய உரிமையுடையவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதிலும், சர்வகலாசாலை விதி வேறொரு பதிலும் கூறும் விசித்திரத்தை நமது தேசம் கண்டது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், சிகிச்சை மனோதத்துவ நிபுணர் இன்னாரென்று வரையறுக்கையில், புனர்வாழ்வுக் கவுன்ஸில் அங்கீகரித்த படிப்புகளோடு, மேற்பார்வையில் நோயாளிகளிடம் பயின்று பெறும் இரண்டு வருஷ எம்.பில். பட்டத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அந்த எம்.பில். பட்டத்தையே சர்வகலாசாலை மான்யக் கமிஷன் 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. பிறகு விழித்துக்கொண்டு, இத்துறைக்கும் இதையொட்டிய மற்றொரு துறைக்கும் 2025-26 கல்வி வருஷம் வரை தவணை தந்தது. தவணை தருவதால் கடன் தீர்ந்துவிடாது.

எம்.பில். ஸ்தானத்தில் டாக்டர் பட்டத்தை வைக்கலாமென்போர் அமெரிக்காவைக் காட்டுகின்றனர். அந்தச் சரித்திரத்தை முழுவதும் படிக்கவேண்டும். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் மனத்துயரைத் தீர்க்க ஆட்கள் போதாமையால், அங்கே சர்க்காரே பொருள் கொடுத்துப் பயிற்சியை வளர்த்தது. 1949-ல் போல்டர் நகரில் கூடிய மகாநாடு, சிகிச்சை செய்பவர் ஆராய்ச்சியும் அறிந்த டாக்டர் பட்டதாரியாக இருத்தல் வேண்டும் என்று தீர்மானித்தது. 1973-ல் வெயில் நகரத்து மகாநாடு, தொழிற்பயிற்சியையே பிரதானமாகக் கொண்ட 'சைக்காலஜி டாக்டர்' பட்டத்துக்கும் இடமளித்தது. அதன்பின் தனியார் பள்ளிகள் பல தோன்றின. மாணவர் தலையில் பெருங்கடனும் ஏறிற்று. பட்டம் உயர்ந்தது மட்டுமல்ல, அதற்குப் பணம் கொடுத்தவர் யாரென்பதும் நமக்குப் பாடமாகும்.

2015-16-ல் 12 மாகாணங்களில் நடந்த தேசீய மனநலக் கணிப்பின்படி, வியாதிக்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருந்தனர். இத்தகைய தேசத்தில் படிப்பின் காலத்தை நீட்டி, செலவை மாணவன்மேல் சுமத்தினால், பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளே நிபுணராவர். அவர்களும் பட்டணத்தை விட்டு அகலார். அதற்காகப் பயிற்சியைக் குறைத்து அரைகுறை வைத்தியரைப் பெருக்குவதும் தர்மமாகாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. சட்டமும் விதியும் ஒரே வார்த்தை பேசவேண்டும். டாக்டர் பட்டம் கட்டாயமானால், பயிற்சிக் காலம் முழுவதும் சர்க்கார் உபகாரச் சம்பளம் தந்து, ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே பழக்கவேண்டும். மூன்றாவது, முக்கியமானது: நோயாளியின் பாஷையில் அவன் துயரைக் கேட்டறியும் திறமையும் பரீட்சைக்குரியதாக வேண்டும். குடியானவன் தன் துக்கத்தை இங்கிலீஷில் அழுவதில்லை.

அதிகாரிகள் இதனைச் சிந்திப்பார்களாக. தேசத் தொண்டர்களும் இதைப் படித்தவர்களின் சில்லறை வழக்கென்று ஒதுக்கலாகாது.