ரயில் ஏறாதவனுக்கும் ரயில் கணக்கு வரும்!



டிப்ளமோ முடித்தவன் ரயில்வேயில் ஜூனியர் என்ஜினீயர் ஆகணும்னா, முதல் கட்டத் தேர்வில் 90 நிமிஷத்தில் 100 கேள்வி. ஒரு கேள்விக்கு 54 விநாடி! தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும். அதில் ரயில் கணக்கைக் கண்டாலே நம்மில் பலர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

"பல தலைமுறையா சின்னசேலம் போய்த்தானே ரயில் ஏறினோம்" என்பான் கள்ளக்குறிச்சிக்காரன். "நான் ரயில்ல ஏறினதே இல்லடா" என்பான் கல்வராயன் மலை நண்பன். நான் சொல்கிறேன், அதெல்லாம் சாக்கு. பஸ் தெரிந்தால் போதும்!

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். தூரம் 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மணிக்கு 20, இறங்கும்போது 30. சராசரி வேகம்? "25" என்று வாய் முந்தும். தப்பு! ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. 60 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம். ஆக, 24தான். மெதுவாகப் போன நேரம்தானே அதிகம்! அந்த மலை நண்பன் இதைப் பேனா எடுக்காமலே சொன்னான். வாராவாரம் அந்த பஸ்ஸில் வருகிறவன் அவன்.

அடுத்து பாலம். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலம் சுமார் 2 கி.மீ. நீளம். அரை கி.மீ. நீள ரயில் ஒன்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போவதாக வைப்போம். ஒரு கி.மீ. 1000 மீட்டர், ஒரு மணி 3600 விநாடி. அதைச் சுருக்கினால் வருவதுதான் நாம் மனப்பாடம் செய்யும் 5/18. ஆக, விநாடிக்கு 10 மீட்டர். உடனே "200 விநாடி" என்று எழுதினால் மார்க் போச்சு. என்ஜின் கரை சேர்ந்தால் ஆச்சா, கடைசிப் பெட்டி சேர வேண்டாமா? 2500 மீட்டர், 250 விநாடி. கரும்பு டிராக்டர் டிரெய்லரோடு பாலம் தாண்டுவதைப் பார்த்த நமக்கு இது புதுசா?

"54 விநாடியில படம் போட நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். இரண்டு கோடு போட ஐந்து விநாடி. மறந்துபோன ஃபார்முலாவைத் தேடத்தான் நேரம் போகும்.

ஆகவே, ஹாஸ்டலில் தினம் சாயங்காலம் அரைமணி உட்காருவோம். கரும்பலகையில் முதல் கோட்டை மலை நண்பன் போடட்டும். கணக்கு பயந்து ஓடட்டும், நாம் ஓட வேண்டாம்!