இரண்டும் 1919தான்

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வில் காலக்கோடு கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அதைக் காட்டத்தான் சமூக அறிவியல் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கிப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு ஐந்து நிகழ்ச்சிகளை எழுதியிருந்தாள். முதலில் 1919, ஜாலியன் வாலாபாக் படுகொலை. அடுத்து 1919, ரௌலட் சட்டம். பிறகு 1920 ஒத்துழையாமை இயக்கம், 1922 சௌரி சௌரா, 1930 உப்புச் சத்தியாகிரகம். ஐந்துக்கும் சிவப்பு மையில் டிக்.

ரௌலட் சட்டம் நிறைவேறியது மார்ச்சில். அதை எதிர்த்துப் பஞ்சாப் கொந்தளித்தது. ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் போராட்டத் தலைவர்களான சத்யபாலையும் கிச்சலுவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். 13ஆம் தேதி மைதானத்தில் கூடியிருந்த கூட்டத்தின்மேல் ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுட்டார்கள். இவள் கோட்டில் ஜனங்கள் செத்துவிடுகிறார்கள். அவர்கள் எதிர்த்த சட்டம் அதற்கப்புறம் வருகிறது.

"இது எப்படிம்மா முன்னாடி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் 1919தான் மாமா. எதை முதல்ல எழுதினாலும் மார்க் உண்டு."

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி ஆண்டைக் கேட்டது, ஆண்டைக் கொடுத்துவிட்டாள்.

கைடுகள்மேல் எனக்குள்ள கடுப்பு இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம். மறுபடி ஆரம்பித்தால் ஆசிரியர் கத்தரியை எடுத்துவிடுவார். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போட்டித் தேர்வுக்குப் போகிறவர்களுக்குக் 'காலவரிசைப்படுத்துக' கேள்விக்கென்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். நான்கில் முதலில் நடந்தது எது என்று மட்டும் பார். அதில் தொடங்காத விடைகளை அடித்துவிடு. மிச்சம் இரண்டு இருந்தால் கடைசியில் நடந்ததைப் பார். நடுவில் நடந்தது எதுவுமே தெரிய வேண்டாம். சரித்திரத்தில் முக்கால்வாசி நடுவில்தானே நடக்கிறது!

மாதம், தேதி எல்லாம் சேர்த்து உருப்போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டே இல்லாமல் வரிசைப்படுத்தச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். சோழர் வரலாற்றை அப்படித்தான் கட்டியெழுப்பினார்கள்.

சோழ ராஜாக்கள் கல்வெட்டில் கி.பி. போடவில்லை. இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆண்டு, அவ்வளவுதான். அதிலும் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். வெறுமனே 'பரகேசரிக்கு ஐந்தாம் ஆண்டு' என்று கல்லில் இருந்தால் எந்தப் பரகேசரி என்று தேட வேண்டும். பிரபவ, விபவ என்று ஓடும் வருஷப் பெயர்களும் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வந்துவிடும். தாது வருஷம் என்றால் 1876ஆ, 1936ஆ? பக்கத்தில் பஞ்சம் என்று இருந்தால்தான் 1876 என்று பிடிபடும்.

இந்தச் சிக்கலைப் பிரித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்தவர். 1925இல் காலமானபோது சட்டமன்றத் தலைவர். 1922இல் வந்த அவருடைய 'இந்தியன் எபிமெரிஸ்' கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம் போட்ட பல பாகப் பஞ்சாங்கம். பக்கம் பக்கமாக எண்கள். யாரும் உட்கார்ந்து படிக்க முடியாத இந்தப் புத்தகத்தை நான் அடிக்கடி புரட்டுவதை வீட்டில் ஒரு வியாதியாகவே பார்க்கிறார்கள். கல்வெட்டில் ஆட்சியாண்டோடு மாதமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் இருந்தால், இவை நான்கும் கூடிவரும் நாள் அபூர்வம். அந்த நாளைப் பிடித்து, ஆட்சியாண்டைக் கழித்தால் பட்டமேற்ற காலம் கிடைத்துவிடும். அவருக்கு முன்பே ஜெர்மானியரான கீல்ஹார்ன் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ராஜராஜன் ஆட்சி 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் நடுவில் தொடங்கியது என்றார்.

கணக்கு வராத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு: மெய்க்கீர்த்தி. கல்வெட்டின் தலையில் அரசனின் வெற்றிகளை அடுக்கும் இந்த வழக்கத்தை நிலைப்படுத்தியவன் ராஜராஜன். புதிதாக ஒரு நாட்டைப் பிடித்தால் பட்டியலில் ஒரு வரி கூடும். மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். ஆரம்ப ஆண்டுகளில் சின்னது. ஐந்தாம் ஆண்டை ஒட்டி ஈழத்து அரசரின் முடியும், பாண்டியன் அங்கே ஒப்படைத்திருந்த முடியும் இந்திரன் ஆரமும் வந்து சேர்கின்றன. பிறகு சாளுக்கிய ஜெயசிம்மன் தோற்றது, அதற்குப் பின் கங்கை. பதினான்காம் ஆண்டில்தான் கடாரம். கங்கை வரைக்கும் வந்து நின்றுவிட்ட கல்வெட்டு கையில் கிடைத்தால், அது வெட்டப்பட்டபோது கப்பல்கள் கடாரத்தை வென்று திரும்பியிருக்கவில்லை என்று ஊகிக்கலாம். ஈழத்துக்கு எதிர்த்தரப்புச் சாட்சியும் இருக்கிறது. ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தன் தன் 36ஆம் ஆட்சியாண்டில் பிடிபட்டதாக இலங்கை வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. அடித்தவன் கணக்கும் அடிபட்டவன் கணக்கும் தனித்தனியாகப் போய் 1017ஐ ஒட்டிச் சேர்ந்துகொள்கின்றன.

இதை வகுப்பில் செய்ய ஒரு ஜெராக்ஸ் கடை போதும். நான்கு கல்வெட்டுகளின் வாசகத்தை எடுத்து, ஆட்சியாண்டை மறைத்துவிட்டு, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுங்கள். எது முந்தியது என்று அவர்களே அடுக்கட்டும். அடுக்கி முடித்ததும், "எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒருத்தி 'இதில் கடாரம் இல்லை' என்பாள். இன்னொருவன் 'இது சின்னதாக இருக்கிறது, அதனால் முந்தியது' என்பான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "சார், கல்லுல இடம் பத்தாம சுருக்கி வெட்டியிருந்தா?"

கல்வெட்டு ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் வரும். அதற்குக் கைடில் விடை இருக்காது. வாத்தியாரும் பிள்ளைகளும் சேர்ந்து இன்னொரு கல்வெட்டைத் தேடிப் போக வேண்டியதுதான்.