எச்சரிக்கையைக் கடப்பதற்கும் காரணம் வேண்டும்

மருத்துவர் கணினியில் மருந்தைப் பதிவு செய்யும்போது, சில வேளைகளில் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். ‘அளவு மிகுதி’ என்றோ, ‘முன்னர் எழுதிய மருந்துடன் சேராது’ என்றோ அது கூறும். மருத்துவர் அதனை அகற்றிவிட்டு மேலே செல்வதை நீங்களும் கண்டிருக்கலாம். அது அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. இத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் கடக்கப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. சிறிய காரணத்திற்கெல்லாம் கணினி எச்சரிப்பதே இதற்கு முதன்மைக் காரணம். ஓயாமல் ‘புலி வருகிறது’ என்று கூவினால், மெய்யாகவே புலி வரும் நாளில் எவர் செவிசாய்ப்பார்?

அந்நாள் 2013இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வந்தது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுச் சிறுவனுக்கு ஒரு மாத்திரைக்குப் பதிலாக முப்பத்தெட்டரை மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மருத்துவர், மருந்தாளுநர் இருவருக்கும் கணினி எச்சரித்தது. இருவரும் அதனைக் கடந்தனர். வலிப்பு கண்ட சிறுவன் நல்வாய்ப்பாக உயிர் பிழைத்தான்.

நம் ஊரில் வேறோர் ஆபத்தும் உண்டு. புதியம்புத்தூரில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார். இரத்த அழுத்த மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருகிறது. கால் வீக்கத்திற்குத் தூத்துக்குடி மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். இம்மூன்றும் சேர்ந்து, கரிசல் வெயிலில் உடலின் நீரும் வற்றினால், சிறுநீரகம் பழுதுறக்கூடும். ஆனால், பதிவாகாத மாத்திரைக்குக் கணினி எச்சரிப்பதில்லை.

ஆகவே, மருத்துவமனைகள் பயனற்ற எச்சரிக்கைகளைக் குறைத்திட வேண்டும். கடுமையான எச்சரிக்கையைக் கடக்கும் மருத்துவர், அதற்குரிய காரணத்தைப் பதிவு செய்வதோடு நோயாளிக்கும் விளக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கியவை, சித்த மருந்துகள் உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். “இவை ஒன்றோடொன்று சேருமா?” என்று தயங்காமல் கேளுங்கள். ஐயம் தோன்றினால், தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரை அணுகுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளை 1800 180 3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

கணினி எச்சரிக்கத் தவறிய இடத்தில், உங்கள் ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.