கோச் வேலை காலி இல்லை, தற்காலிகம்தான் இருக்கு

ஒரு வாரமா முன்னாள் கால்பந்து வீரர்கள் பயிற்சியாளர் ஆன கதைகளாகத் தேடிப் படிச்சுக்கிட்டிருக்கேன். (செமஸ்டர் பக்கத்துல வந்தா எனக்கு இப்படித்தான் ஏதாவது தோணும்.) எல்லாக் கதையும் ஒரே அச்சு. இந்த வருஷத்திலிருந்து அந்த வருஷம் வரை இந்தக் கிளப், இத்தனை கோல், அப்புறம் முழங்காலில் காயம், ஓய்வு. அதுக்கடுத்த வரியிலேயே பெஞ்சில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பார். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா நம்ம ஊர் ஆட்களோட கதையில் மட்டும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்துது. இடைக்காலம். "இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்." இந்தப் பதிவு அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

நமக்குத் தெரிஞ்ச கிளப்பிலிருந்தே தொடங்கலாம். சென்னையின் எஃப்.சி. 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்போ இவங்க யாரைக் கோச்சா போட்டாங்க? மார்கோ மாட்டராஸி. 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிடேன் நெஞ்சில் முட்டினாரே, முட்டு வாங்கியவர் இவர்தான். இத்தாலிக்காக உலகக்கோப்பை ஜெயிச்சவர், பெரிய வீரர், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளரா இருந்ததில்லை. முதல் வேலையே இங்கதான். வீரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் முழுப் பொறுப்பு. மூணு சீசன் இருந்தார். நடு சீசனில் கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தார். 2015 டிசம்பர், ஊரே வெள்ளத்தில் கிடந்தப்போ அரையிறுதியின் சென்னை ஆட்டத்தைப் புனேவுக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்களே, அந்த சீசன். இறுதியில் கோவாவை 3-2.

நம்பிக் கொடுத்தாங்க, ஜெயிச்சார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கேள்வி வேற. அனுபவமே இல்லாத ஒருத்தரை நம்பலாம்னா, அந்த நம்பிக்கை யாருக்குக் கிடைக்குது, யாருக்குக் கிடைக்கலை?

சையத் சபீர் பாஷாவை எடுத்துக்குங்க. நம்ம தமிழ்நாட்டுக்காரர். 90-களில் இந்தியாவுக்காக ஆடியவர். இந்தியன் வங்கி அணியில் வளர்ந்தவர். இந்தியன் வங்கியான்னு சிரிக்காதீங்க, 1996-97-ல் தேசிய கால்பந்து லீக் முதன்முதலா நடந்தப்போ அதில் நம்ம சென்னையிலிருந்து போன அணி அதுதான். பிறகு அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளர். அப்புறம் சென்னையினில் துணைப் பயிற்சியாளர். 2018 மார்ச்சில் பெங்களூரு மைதானத்திலேயே போய் பெங்களூருவை 3-2 ஜெயிச்சுக் கோப்பையைத் தூக்கினாங்களே, அப்போ ஜான் கிரெகரிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இவர்.

கிரெகரி போனார். ஓவன் கோயில் வந்தார் (பேரே கோயில்!), கடைசி இடங்களில் கிடந்த அணியை 2020 இறுதிவரை கொண்டுபோனார், போயிட்டார். சாபா லாஸ்லோ வந்தார், போனார். பாண்டோவிச் வந்தார். 2022 பிப்ரவரியில் கோவாகிட்ட 0-5. அதோட அவரையும் அனுப்பிட்டாங்க. இப்போ யாரு? "சபீர் சார், சீசன் முடியற வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க."

இடைக்காலம்னா என்னன்னு கால்பந்து பார்க்காத நண்பர்களுக்காகச் சொல்லிடறேன். அணி உங்களோடது இல்லை, முன்னாடி இருந்தவர் தேர்ந்தெடுத்தது. புது ஆள் வாங்க முடியாது, ஜன்னல் மூடியாச்சு. பசங்க 0-5 தோற்றுத் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்காங்க. கையில் இருக்கறது நாலே நாலு வாரம். அந்த சீசன் கொரோனாவால் முழுக்கக் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. ஆக, சொந்த ஊர் ரசிகர் முன்னாடி ஒரு ஆட்டம்கூட அவருக்கு இல்லை. சீசன் முடிஞ்சதும் ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்டாரிச்.

நேரு ஸ்டேடியத்துக்கு நாமெல்லாம் பல்லாவரத்தில் மின்சார ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போறோமே, அங்கே நம்மளை மாதிரியே தமிழில் கத்தற ஒருத்தர் ஒரு முழு சீசன் அணியை நடத்திப் பார்க்கற வாய்ப்பு அப்படியே கடந்து போயிடுச்சு.

"திறமை இருந்தா கொடுத்திருப்பாங்க"ன்னு நம்ம வகுப்பிலேயே ஒரு கூட்டம் சொல்லும். சரி, திறமையைக் காட்டினா கொடுக்கறாங்களா, அதையும் பார்க்கலாம்.

கிளிஃபர்ட் மிராண்டா, கோவாக்காரர், இந்திய அணிக்கு ஆடியவர். ஒடிஷா எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளரா இருந்தார். 2023-ல் தலைமைப் பயிற்சியாளர் ஜோசப் கொம்பாவ் போனதும் இவருக்கு அதே இடைக்கால நாற்காலி. என்ன செஞ்சார் தெரியுமா? ஏப்ரலில் கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 ஜெயிச்சு சூப்பர் கோப்பையைத் தூக்கினார். ஒடிஷாவுக்கு முதல் பெரிய கோப்பை. அடுத்த சீசனுக்கு ஒடிஷா யாரைப் போட்டது? ஸ்பெயினின் செர்ஜியோ லொபேரா. லொபேரா நல்ல கோச்தான், மும்பைக்கு லீக் ஜெயிச்சுக் கொடுத்தவர். ஆனாலும் கோப்பையோட நிக்கற ஒருத்தர்கிட்ட "நன்றி, கிளம்புங்க"ன்னு சொன்னா, பார்த்துக்கிட்டிருக்கற மத்த துணைப் பயிற்சியாளர்களுக்கு என்ன தோணும்?

காலித் ஜமீல் கதை இன்னும் நீளம். குவைத்தில் பிறந்தவர், மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எஃப்.சி.ன்னு ஆடியவர். மும்பை எஃப்.சி.யிலேயே 2009-லிருந்து ஏழு வருஷம் பயிற்சியாளர். பெரிய பணம் இல்லாத அணி, கீழே விழாம காப்பாத்தறதே வேலை. அங்கிருந்து மிசோரமின் ஐஸால். முந்தைய சீசனில் கீழிறக்கப்பட்டு, எப்படியோ திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது. அதை வெச்சு 2016-17 ஐ-லீக்கை ஜெயிச்சார்! மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், பெங்களூரு எல்லாரையும் தாண்டி. வேற நாடா இருந்தா மறுநாளே பெரிய அணிகள் வாசலில் வரிசை கட்டியிருக்கும். இவருக்கு ஐ.எஸ்.எல்.லில் தலைமைப் பொறுப்பு எப்போ வந்தது? நாலு வருஷம் கழிச்சு, 2021 ஜனவரியில், நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில், நடு சீசனில். என்ன பேரில்? நீங்களே சொல்லிடுவீங்க. இடைக்காலம்.

மீதி இருந்த லீக் ஆட்டங்களில் ஒண்ணுகூடத் தோற்காம அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதுக்கப்புறம்தான் நிரந்தரம். ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு சீசன் முடிஞ்ச பிறகு, நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர். 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். சேவியோ மெடேராவுக்குப் பிறகு, 13 வருஷம் கழிச்சு ஒரு இந்தியர்.

இங்கே கொஞ்சம் பி.காம். மூளையை ஓட்டிப் பார்க்கறேன். ஒரு கிளப் ஒரு வீரரைக் காசு கொடுத்து வாங்கினா, அந்தத் தொகையைக் கணக்கில் சொத்தாகக் காட்டி, ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனை வருஷத்துக்குப் பிரிச்சுத் தேய்மானம் போடுவாங்க. ஆனா அதே கிளப்பில் நாலு வெளிநாட்டுப் பயிற்சியாளரின் முறையையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகின துணைப் பயிற்சியாளர் இருக்காரே, அவர் தலைக்குள்ள இருக்கறதுக்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு கிடையாது. அவர் 'சம்பளச் செலவு', அவ்வளவுதான். ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் வரும்போது தன் ஆட்களையும் கூட்டிக்கிட்டு வருவார். போகும்போது அறிவு, ஆட்கள் எல்லாம் அவரோட விமானம் ஏறிடும். மிச்சம் இருக்கறது இந்தத் துணைப் பயிற்சியாளர் மட்டும். எந்தச் சொத்து கையில் நிக்குதோ அதுக்குத்தான் மதிப்பு போடலை நாம.

அதே கணக்கு இன்னொன்னும் சொல்லுது, இது கொஞ்சம் கசப்பு. 2025-ல் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதான்னே தெரியாம தொங்கிக்கிட்டிருந்தது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தற நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியற நேரம், புதுசு கையெழுத்தாகலை, கிளப்களுக்கு வருமானம் எங்கேயிருந்து வரும்னு தெரியலை. அந்த வருஷம்தான் சென்னையின் கிளிஃபர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. மாட்டராஸியில் தொடங்கி அதுவரை அந்த நாற்காலியில் நிரந்தரமா உட்கார்ந்த எல்லாருமே வெளிநாட்டினர். நல்ல முடிவுதான், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனா பணம் இருந்தப்போ கிடைக்காத நம்பிக்கை பணம் வத்தினப்போ கிடைச்சதுன்னா, அதை நம்பிக்கைன்னு சொல்றதா, சிக்கனம்னு சொல்றதா?

கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். கிருஷ்ணசாமி ராஜகோபால்னு ஒருத்தர். மலேசிய இந்தியர், செலாங்கூருக்கு ஆடியவர். 2009 ஜனவரியில் மலேசியா சொந்த மண்ணில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ்கிட்ட 0-5 தோத்தது. அப்போதைய பயிற்சியாளர் சத்யநாதன் போனார். சென்னையினுக்கு வந்த அதே 0-5, அதே நிலைமை! ஆனா அங்கே ராஜகோபாலை நாலு வாரத்துக்கு உட்கார வைக்கலை. இளைஞர் அணியையும் பெரிய அணியையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாங்க. அந்த வருஷக் கடைசியில் தென்கிழக்காசிய விளையாட்டில் 20 வருஷம் கழிச்சுத் தங்கம். அந்தப் பசங்களையே அப்படியே மேலே ஏத்தி 2010 ஆசியான் கோப்பைக்குப் போனார். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாகிட்ட 1-5. நம்ம ஊரா இருந்தா அன்னிக்கு ராத்திரியே ஒரு இடைக்காலம் வந்திருக்கும். அவர் அங்கேயே இருந்தார். அதே இந்தோனேசியாவை இறுதியில் கோலாலம்பூரில் 3-0, ஜகார்த்தாவில் 1-2, மொத்தம் 4-2. மலேசியாவுக்கு முதல் ஆசியான் கோப்பை.

எல்லாரும் இப்படி ஜெயிப்பாங்கன்னு நான் சொல்லலை. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி, 1993-ல் தலைகீழாப் பாய்ந்து அடிச்ச கோலுக்காக அங்கே இன்னும் பேசப்படறவர். பயிற்சியாளராகவும் 2013-ல் லயன்ஸ் டுவெல்வ் அணிக்கு மலேசிய சூப்பர் லீக் ஜெயிச்சுக் கொடுத்தார். 2016-லிருந்து தேசிய அணியைப் பார்த்தார், சரியா அமையலை, 2018-ல் விலகினார். அதுவும் ஒரு நியாயமான கதைதான். இரண்டு வருஷம் கொடுத்தாங்க, பார்த்தாங்க, மாத்தினாங்க. காலித் ஜமீலே இந்திய அணியோட தொடக்கத்தில் மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை ஜெயிச்சு மூணாவது இடம் வாங்கினார். அடுத்த மாசமே கோவாவில் சிங்கப்பூர்கிட்ட 1-2 தோத்து, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பே போச்சு. திட்டறவங்க திட்டட்டும். அவர் அணியை வெச்சு அவரைத் திட்டறது நியாயம். அடுத்தவர் சேர்த்த அணியை நாலு வாரம் கையில் கொடுத்துட்டு திட்டறதுதான் நியாயமில்லை.

பெரிய வீரன்தான் பெரிய கோச் ஆவான்ங்கற நம்பிக்கை எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியலை. வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக்கோப்பை ஜெயிச்சவங்க ஜகாலோ, பெக்கன்பவர், டெஷாம்ப்னு மூணே பேர். மரடோனாவை விடப் பெரிய வீரர் யாரு? 2010 கால் இறுதியில் அவர் நடத்தின அர்ஜென்டினா ஜெர்மனிகிட்ட 0-4. அந்தப் பக்கம் அர்ரிகோ சாக்கி, தொழில்முறையா ஆடினதே இல்லை, செருப்பு வித்தவர். ஏசி மிலானுக்கு 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை. கோச் வேலை தனித் தொழில். அதுக்கு டி, சி, பி, ஏ, புரோன்னு படிப்படியா லைசென்ஸ் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வகுப்பு, களத்தில் செய்முறை, தேர்வு, இடையில் அணியோட வேலை செஞ்ச அனுபவம். புரோ வரைக்கும் ஏற வருஷக்கணக்கா ஆகும். நம்ம சி.ஏ. மாதிரியேன்னு வெச்சுக்குங்க :-)

இங்கேதான் அந்த இந்தியன் வங்கி விஷயம் திரும்ப வருது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ், வங்கிகள்னு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறைக்கு ஆட்டம் முடிஞ்ச பிறகும் மாசச் சம்பளம் இருந்தது. அந்தப் பாதுகாப்பில் உட்கார்ந்து பத்து வருஷம் கோச்சிங் கத்துக்க முடிஞ்சது. இப்போ ஆடற பசங்களுக்கு ஒப்பந்தம் மட்டும்தான். 32 வயசில் அது முடியும்போது கையில் வேலையும் இருக்காது, லைசென்ஸுக்கு உட்காரப் பொறுமையும் இருக்காது. பம்மல், அனகாபுத்தூர் பக்கம் காலையில் மைதானத்தில் கோன் வெச்சுச் சின்னப் பசங்களை ஓட விடறவங்களில் மாவட்டத்துக்கும் டிவிஷன் லீகுக்கும் ஆடினவங்க இருக்காங்க. டி லைசென்ஸ் எடுத்துட்டு அதுக்கு மேலே போகாம நிக்கறாங்க. ஏன் அண்ணே போகலைன்னு கேட்டா, போய் என்னப்பா பண்றதுங்கறாங்க.

மேலே இருக்கறவருக்கே நாலு வாரம்தான்னா, இவங்க அப்படிக் கேக்கறதில் என்ன தப்பு? கிளப்களுக்கு நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. துணைப் பயிற்சியாளரை எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்க: இத்தனை வருஷத்துக்குள் ரிசர்வ் அணியோ இளையோர் அணியோ ஒரு முழு சீசன் இவர் கையில். அவரே ஆள் எடுக்கட்டும், அவரே தோற்கட்டும், அவரே பதில் சொல்லட்டும். சம்பளச் செலவு அஞ்சு பைசா ஏறாது.

மிராண்டாவுக்கு முழுசா எத்தனை சீசன் கொடுக்கறாங்கன்னு பார்க்கலாம். மாட்டராஸிக்கு மூணு.