யானைக்கால் நோய் ஒழிப்பு: பரவல் குறைந்த பின்னும் தொடர வேண்டிய கவனிப்பு

யானைக்கால் நோயை 2027ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க இந்திய அரசு இலக்கு நிர்ணயித்துள்ளது. அண்டை நாடான இலங்கை இந்நிலையை எட்டியதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றது; வங்கதேசம் 2023இல் அந்த ஏற்பைப் பெற்றது. தமிழ்நாட்டிலும் நோய்ப்பரவல் பெருமளவு குறைந்துள்ளது. இச்செய்திகளை அறியும்போது, பல ஆண்டுகளாக வீங்கிய காலுடன் வாழ்பவர்க்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: நோய் ஒழிகிறது என்றால் எனக்கு என்ன வழி? திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளின் சூழலை முன்வைத்து இதனை விளக்குவோம்.

நோய் பரவும் விதம்

இந்நோய்க்குக் காரணம் ஃபைலேரியா என்னும் நூல் போன்ற ஒட்டுண்ணிப் புழு. இது மனித உடலின் நிணநீர் நாளங்களில் தங்கி ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் வாழும். இதன் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிகுதியாகச் சுற்றும். ஆகவேதான் இரத்தப் பரிசோதனை இரவில் செய்யப்படுகிறது. கியூலெக்ஸ் வகைக் கொசு இவற்றை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுசெல்கிறது. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே வீட்டில் வாழ்வதாலோ இந்நோய் தொற்றாது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்தில், ஆற்று நீரே இந்நோய்க்குக் காரணம் எனக் கருதுவோர் இருக்கலாம். அக்கருத்து சரியன்று. கியூலெக்ஸ் கொசு ஓடும் ஆற்றில் பெருகுவதில்லை. தேங்கிய அழுக்கு நீரிலேயே பெருகுகிறது. அடைபட்ட சாக்கடை, மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி, நீரோட்டம் நின்று கழிவு சேர்ந்த வாய்க்கால் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய்க்கு வலை கட்டுவது எளிய, செலவு குறைந்த தடுப்பு முறையாகும்.

ஒழிப்பு என்பதன் பொருள்

இந்தியாவில் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. 2004 முதல் நாடு தழுவிய அளவில், நோய் காணப்படும் மாவட்டங்களில் அறிகுறி இல்லாதவர் உட்பட அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை செயல்படுத்தப்பட்டது. பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. இம்மருந்துகள் இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழிப்பதால், கொசு கடித்தாலும் அது பிறருக்குக் கொண்டுசெல்ல எதுவும் இருப்பதில்லை.

பல ஆண்டுகள் மருந்து வழங்கிய பின், பரவல் நின்றுவிட்டதா என்பதை அறிய 6, 7 வயதுக் குழந்தைகளிடம் பரிசோதனை செய்யப்படுகிறது. இவ்வயதுக் குழந்தைக்குத் தொற்று இருந்தால், அது அண்மையில் ஏற்பட்டதாகவே இருக்க வேண்டும். தொற்று நிர்ணயித்த அளவுக்குள் இருந்தால் பொது மருந்து வழங்கல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு மட்டும் தொடரும்.

இந்த அளவுகோல் புதிய தொற்றைச் சரியாக அளக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் தொற்றுக்கு ஆளாகி இன்று வீக்கத்துடன் வாழும் விவசாயக் கூலித் தொழிலாளியின் நிலையை அது காட்டுவதில்லை. புழு மடிந்த பின்னும், சிதைந்த நிணநீர் நாளங்கள் முன்போல் இயங்குவதில்லை. அதனால் இரத்தத்தில் புழு இல்லை என முடிவு வந்தாலும் வீக்கம் நீடிக்கும். மாத்திரை மட்டும் அதனைக் குறைக்காது. இக்காரணத்தால்தான் பரவலைத் தடுத்தலுடன், பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் பராமரிப்புக் கிடைக்கச் செய்தலும் ஒழிப்பின் கட்டாயப் பகுதியாக உலக சுகாதார நிறுவனத்தால் வைக்கப்பட்டுள்ளது.

அன்றாடப் பராமரிப்பு

வீங்கிய காலில் அடிக்கடி வரும் காய்ச்சல், சிவத்தல், கடும் வலி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் புழு காரணமன்று. விரலிடுக்குப் புண், வெடிப்பு, கீறல் வழியாக நுழையும் பாக்டீரியாவே காரணம். இத்தாக்குதல் ஒவ்வொன்றும் வீக்கத்தை மேலும் கூட்டும்; அந்நாட்களின் கூலியும் இல்லாமற்போகும். சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலுடன் உழைப்போர்க்கு இந்த இடர் அதிகம். இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை:

• நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு காலை மென்மையாகக் கழுவவும். சுடுநீர் வேண்டாம்.
• விரலிடுக்குகளிலும் தோல் மடிப்புகளிலும் ஈரமின்றித் துணியால் ஒற்றி எடுக்கவும்.
• புண், வெடிப்பு இருந்தால் மருத்துவர் தரும் களிம்பைத் தடவவும்.
• அமரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கவும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துப் பயிற்சி செய்யவும்.
• இறுக்கமில்லாத காலணி அணியவும்.

காய்ச்சலும் வலியும் வந்த நாட்களில் ஓய்வெடுத்து, நீர் நிறைய அருந்தி, காலைக் குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி, உடனே மருத்துவரை அணுகவும். அப்போது பயிற்சியும் கட்டும் வேண்டாம், டி.இ.சி. மாத்திரையும் உட்கொள்ள வேண்டாம். வீக்கத்தைக் கீறி நீர் எடுப்பது எந்நிலையிலும் தீங்கானது.

ஆண்களுக்கு இந்நோயால் ஏற்படும் விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய இயலும். கூச்சத்தால் பலர் ஆண்டுக்கணக்கில் இதனை மறைத்துவிடுகின்றனர். வீட்டில் உள்ளோர் இதனை இயல்பாகப் பேசி, அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் நலம்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

வீக்கம் முற்றிய நிலையில் உள்ளோர் குனிந்து தம் காலைத் தாமே கழுவ இயலாது. அவர்களுக்கு நாள்தோறும் பத்து நிமிட உதவி, மருந்துக்கு இணையான பயன் தரும். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ பாதிக்கப்பட்டவர் இருந்தால், அவர் பெயர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளிகள் பட்டியலில் உள்ளதா எனக் கேட்டறியவும். கால் பராமரிப்புப் பொருள்களும், முற்றிய நிலையினருக்கான அரசின் மாத உதவித்தொகையும் பெற இப்பதிவு உதவும். பெயர் விடுபட்டிருப்பின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்துச் சேர்க்கச் செய்யவும். உயர்நிலைச் சிகிச்சை தேவைப்படுவோர் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை அணுகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.